ஒருவர் ஏற்றிய கோப்புக்கு ஊரெல்லாம் வாடகை: யூஸ்நெட்டின் சேமிப்புச் செலவு பற்றிய நிகழ்வு ஆய்வு

2010ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகம் தனது யூஸ்நெட் சர்வரை நிறுத்தியது. யூஸ்நெட் என்பது தலைப்புவாரியான குழுக்களில் பலரும் பதிவுகளை எழுதிப் படிக்கும் கணினி வலையமைப்பு. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டனர், செலவு கூடிவிட்டது என்பதே அது தெரிவித்த காரணம். 1979இல் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யூஸ்நெட்டைத் திட்டமிட்டது அதே பல்கலைக்கழகத்தில்தான். சர்வர் நிறுத்தப்பட்ட அந்த நாளில் யூஸ்நெட்டில் ஓடிய மொத்தத் தரவு குறைந்துகொண்டிருக்கவில்லை. நாளொன்றுக்குப் பல டெராபைட் என்ற அளவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. படிப்பவர் குறையக் குறையச் சுமக்க வேண்டிய பாரம் மட்டும் கூடிக்கொண்டே போன இந்த முரண் எப்படி உண்டானது, நடு என்ற ஒன்றே இல்லாமல் கட்டப்பட்ட வலையமைப்பு எப்படிச் சில சேமிப்பு நிறுவனங்களின் கையில் போய்ச் சேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

செலவைக் கட்டியவர் யார்

யூஸ்நெட்டின் வடிவமைப்பில் எல்லோரும் வந்து படிக்கும் பொதுப் பலகை என்று ஓர் இடம் கிடையாது. ஒரு கணினியில் எழுதப்படும் பதிவு, அக்கணினியோடு தொடர்பில் இருக்கும் அண்டைக் கணினிகளுக்குப் போகும். அவை தத்தம் அண்டைக் கணினிகளுக்கு அனுப்பும். ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிவது போல அது எல்லா இடத்திலும் நிறையும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளக் குறி இருப்பதாலும், அது எந்தெந்தச் சர்வர்களைத் தாண்டி வந்தது என்ற வழித்தடம் பதிவின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருப்பதாலும், ஒரே பதிவு ஒரு சர்வருக்குள் இரண்டு முறை நுழைவதில்லை. ஆனால் ஒரு முறை கட்டாயம் நுழையும். பத்தாயிரம் சர்வர்கள் இருந்தால் பத்தாயிரம் பிரதிகள் இருக்கும். அந்தப் பிரதி ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுப்பவர், அதை எழுதியவரோ அதைப் படிக்க விரும்பியவரோ அல்லர், அந்தச் சர்வரை நடத்துபவர்.

தொடக்கத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பதிவுகள் வரலாம் என்பதுதான் அதை உருவாக்கியவர்களின் எதிர்பார்ப்பு. அன்றைய 300 பாட் மோடம் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளை அனுப்பும். ஒரு மணி நேரம் தொலைபேசி இணைப்பில் இருந்தாலும் நூறு கிலோபைட்டைச் சற்றே தாண்டும். அந்தக் காலத்தில் வன்தட்டைவிடத் தொலைபேசிக் கட்டணமே பெருஞ்செலவு, அந்தக் கட்டணத்தை டெக், ஏடி அண்ட் டி போன்ற பெரிய நிறுவனங்களின் கணினி மையங்கள் பெரும்பாலும் தம் கணக்கிலேயே ஏற்றுக்கொண்டன. பதிவு எழுதியவருக்குச் செலவு கண்ணில் படவே இல்லை. 1986-87இல் குழுக்களின் பெயர்கள் மொத்தமாக மாற்றியமைக்கப்பட்டதற்கே, கடல் கடந்து தரவை வரவழைக்கும் செலவைக் கட்டிக்கொண்டிருந்த ஐரோப்பிய மையங்கள் சில விவாதக் குழுக்களை எடுக்க மறுத்ததும் ஒரு காரணமாக இருந்தது. ஏற்க விரும்பாதவற்றை எளிதாகத் தள்ளிவிடும்படி அத்தகைய குழுக்கள் தனி வரிசையில் வைக்கப்பட்டன. அதாவது, யார் கட்டுவது என்ற கேள்வி இந்த வலையமைப்பின் ஏழாம் எட்டாம் வயதிலேயே அதன் பெயரமைப்பைத் தீர்மானிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தக் கேள்வி அப்போது எழுத்தைப் பற்றியது மட்டுமே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எழுத்தின் சுமை எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கிறது, 'கு' என்ற ஓரெழுத்துக்கே ஆறு பைட். அப்படியிருந்தும் இந்த ஆய்வு முழுவதும் ஐம்பது அறுபது கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைபேசியில் எடுத்த மூன்று மெகாபைட் படம் ஒன்று இதைப்போல ஐம்பது மடங்கு. (சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற யூஸ்நெட் குழுவில் அந்நாளில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதியவர்களுக்கு இந்த மூன்று பைட் சுமைகூட இருக்கவில்லை.)

கோப்பு நுழைந்தபோது

யூஸ்நெட் எழுத்தைக் கொண்டுபோகவே அமைக்கப்பட்டது, படத்தையோ நிரலையோ அப்படியே ஏற்றினால் வழியில் சிதைந்துவிடும். ஆகவே கோப்பை எழுத்துகளாக மாற்றி அனுப்பினார்கள். யூயூஎன்கோட் என்ற அந்த முறையில் 45 பைட் தரவு, வரி முடிவையும் சேர்த்து 62 எழுத்துகளாக வீங்கும். ஏறத்தாழ 38 விழுக்காடு கூடுதல். ஒரு பதிவின் அளவுக்கு வரம்பு இருந்ததால் பெரிய கோப்பைப் பல துண்டுகளாக வெட்டினார்கள். துண்டுகளில் சில, சில சர்வர்களுக்குப் போய்ச் சேராது. ஆகவே விடுபட்டதை மறுபடியும் பதிவிடச் சொல்லிக் கேட்பார்கள், அது மறுபடியும் எல்லாச் சர்வர்களுக்கும் போகும். பின்னாளில் பார் என்ற முறை வந்தது. துண்டுகளில் சில தொலைந்தாலும் மீதியிலிருந்து கணித்து மீட்டெடுக்கும்படி, பத்து விழுக்காடு அளவில் ஈட்டுத் தரவைக் கோப்போடு சேர்த்தே ஏற்றுவது வழக்கமானது. 2001இல் யூர்கன் ஹெல்பிங் வெளியிட்ட ஒய்என்க் முறை, எழுத்தாக மாற்றும்போது உண்டாகும் வீக்கத்தை ஒன்றிரண்டு விழுக்காடாகக் குறைத்தது. அதனால் மிச்சப்பட்ட இடத்தில் இன்னும் கூடுதலாகக் கோப்புகள் ஏறின என்பதுதான் நடந்தது, வரத்து குறையவில்லை.

ஆல்டோபியா என்ற சேவை நிறுவனத்தின் அளவீடுகள் அக்காலத்தின் வளர்ச்சியைத் தெளிவாகக் காட்டுகின்றன. முழு வரத்து 1996 டிசம்பரில் நாளொன்றுக்கு 4.5 ஜிகாபைட், 1998 ஜனவரியில் 12, 1999 ஜனவரியில் 26, 2000 ஜனவரியில் 82, 2004 ஜனவரியில் 969. இந்த எண்களை அன்றைய கம்பிகளோடு பொருத்திப் பார்த்தால்தான் அவற்றின் கனம் புரியும். அன்றைய சிறிய இணையச் சேவை நிறுவனமோ கல்லூரியோ வாடகைக்கு எடுக்கும் டி1 இணைப்பின் வேகம் நொடிக்கு 1.544 மெகாபிட். அதை இருபத்துநான்கு மணி நேரமும் வேறெதற்கும் பயன்படுத்தாமல் ஓடவிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 16.7 ஜிகாபைட் வரும். 1998இல் அந்தக் கம்பியின் முக்கால் பாகத்தை யூஸ்நெட் எடுத்துக்கொண்டிருக்கும். 1999இல் கம்பி முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அதைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு பெரிய டி3 இணைப்பின் கொள்ளளவும் நாளொன்றுக்கு 480 ஜிகாபைட் அளவுதான். 2003 ஜனவரியில் வரத்து 492. வலையமைப்பின் சம உறுப்பினராக இருக்கும் தகுதியை ஒரு கல்லூரி எந்த முடிவும் எடுக்காமலே இழந்த நாள் அதுதான்.

வட்டின் கதையும் இதேதான். பழைய முறையில் ஒவ்வொரு பதிவும் தனிக் கோப்பாக வட்டில் எழுதப்பட்டது. இடம் மீதம் இருக்கும்போதே கோப்புப் பட்டியலுக்கான இடம் தீர்ந்துபோய்ச் சர்வர் நின்றுவிடுவது நிர்வாகிகளுக்குப் பழகிப்போன தொல்லை. ஐஎன்என் என்ற சர்வர் மென்பொருளின் இரண்டாம் தலைமுறையில் வந்த சிஎன்எஃப்எஸ் முறை இதற்கு ஒரு நல்ல விடை கண்டது: முன்கூட்டியே நிலையான அளவில் ஒரு பெரும் பரப்பை ஒதுக்கிவைத்து, வருவதை வரிசையாக எழுதிக்கொண்டே போய், முனை வந்ததும் திரும்பத் தொடக்கத்திலிருந்து பழையவற்றின் மேலேயே எழுதுவது. இந்த முறையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பதினைந்து நாள் வைத்திருப்போம்" என்று நாள் கணக்கில் விதி வைத்தால், எவ்வளவு இடம் தேவை என்பதை முன்பின் தெரியாத யாரோ தீர்மானிக்கிறார்கள். "இவ்வளவு இடம்தான்" என்று அளவுக் கணக்கில் விதி வைத்தால், எத்தனை நாள் தங்கும் என்பது மாறுமே தவிர நிர்வாகியின் செலவு மாறாது. யூஸ்நெட் நிர்வாகிகள் 1990களின் பிற்பகுதியிலேயே கண்டுகொண்ட இந்த வேறுபாடு, மாஸ்டடான் போன்ற இன்றைய சமூக வலையமைப்புச் சர்வர்களில் இன்னும் முழுமையாக உறைக்கவில்லை என்பது என் கருத்து.

ஆனால் வட்டின் அளவை நிலைநிறுத்தினால் தங்கும் காலம் சுருங்கியது. 969 ஜிகாபைட் வரத்தை முப்பது நாள் வைத்திருக்க 29 டெராபைட் வேண்டும். அப்போது கிடைத்த 250 ஜிகாபைட் வட்டுகளில் நூற்றுக்கு மேல். அவ்வளவு வாங்க முடியாத நிறுவனத்தில் பைனரிக் குழுக்களின், அதாவது படம், நிரல் போன்ற கோப்புகளை ஏற்றும் குழுக்களின், பதிவு ஓரிரு நாளில் மறைந்தது. துண்டுகள் முழுமையாகக் கிடைக்காத சர்வரைப் பயனர் வைதார். மாதக் கட்டணம் வாங்கி நெடுநாள் வைத்திருக்கும் தனிச் சேவைக்கு மாறினார். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஏற்றுபவர்கள் ஏற்றிக்கொண்டே இருக்க, நெய்க்குடத்துக்கு உரியவர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

எந்த இடத்தில் கணக்குத் திரும்பியது

இணையச் சேவை நிறுவனங்கள் முதலில் யூஸ்நெட் சர்வர் வைத்தது தர்மத்துக்காக அன்று. வெளியிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்து வைத்துக்கொண்டால் ஆயிரம் வாடிக்கையாளர்கள் அதை உள்ளூரிலேயே படிப்பார்கள். வெளியிணைப்பின் செலவு மிஞ்சும். வாடிக்கையாளர்கள் படிப்பதன் கூட்டுத்தொகை வரத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை இது இலாபம். வரத்து அதைத் தாண்டிய நாளில் அதே ஏற்பாடு நட்டமாகிறது: நாளொன்றுக்கு 969 ஜிகாபைட் வரவழைத்து, அதில் நூறு ஜிகாபைட்டை மட்டும் எவராவது படித்தால், மீதியெல்லாம் யாரும் தொடாமலே வந்து தங்கி அழிந்துபோகிறது. இந்தத் திருப்புமுனை பெரிய நிறுவனத்துக்குத் தாமதமாகவும் சிறியதற்கு முன்னதாகவும் வரும். வட்டின் விலை ஆண்டுதோறும் விழுந்தபோதும் சிறியவர்கள் தப்பாததற்குக் காரணம் இதுவே. விலை வீழ்ச்சி எல்லோருக்கும் பொது. படிப்பவர் எண்ணிக்கை பொதுவன்று.

தேவைப்படும் குழுக்களை மட்டும் இழுத்துவைக்கும் லீஃப்நோட் போன்ற சிறு மென்பொருள்கள் இதற்கு மாற்றாக வந்தன. சிக்கனமானவைதான், ஆனால் முழுப் பிரதி வைத்திருக்கும் மேல்நிலைச் சர்வர் ஒன்று எங்கோ இருந்தால்தான் அவை இயங்கும். கிளைகள் இலேசாகின, நடுமரம் பருத்தது.

அதன் பிறகான விலகல்களை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் ஏஓஎல் விலகியது. 2008 ஜூனில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோவின் விசாரணையில் 88 குழுக்களில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையின் படங்கள் இருப்பது தெரியவந்தது. வெரைசன், டைம் வார்னர் கேபிள், ஸ்பிரிண்ட் ஆகியவை அவரோடு உடன்பாடு செய்துகொண்டன. டைம் வார்னர் கேபிள் எல்லாக் குழுக்களையும் நிறுத்தியது. ஸ்பிரிண்ட், ஆல்ட் என்று பெயர் தொடங்கும் குழு வரிசை முழுவதையும் நிறுத்தியது. எண்பத்தெட்டுக்காக ஆயிரக்கணக்கான குழுக்களை மூடியது மிகை என்று அப்போதே கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமானதே. ஆயினும் அந்த நிறுவனங்களின் நிலையில் நின்று பார்த்தால், ஏற்கெனவே நட்டக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சேவைக்குச் சட்டப் பொறுப்பும் சேர்ந்தபோது மூடுவதற்கு ஒரு நல்ல சாக்குக் கிடைத்தது என்றே தோன்றுகிறது. 2009 ஜூலையில் ஏடி அண்ட் டி, 2010 மே மாதம் டியூக்.

இன்னொரு பக்கத்தில், 2008 முதல் பெரிய கட்டணச் சேவைகள் பழையதை அழிப்பதையே நிறுத்திவிட்டு, வட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் போட்டியில் இறங்கின. இன்று ஐயாயிரம் நாளுக்கு மேல் வைத்திருப்பதாக விளம்பரம் செய்கின்றன. பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்படும் கோப்புகள் வேறு பெயரில் மறுபடி ஏற்றப்படுவதால் வரத்து இன்னும் பெருகுகிறது. நாளொன்றுக்குப் பல நூறு டெராபைட் என்பது இப்போதைய நிலை. 300 டெராபைட் என்று வைத்தாலே நொடிக்கு ஏறத்தாழ 28 ஜிகாபிட் ஓயாமல் ஓட வேண்டும். இதைத் தாங்கக்கூடிய முதுகெலும்பு நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கடையில் பல பெயர்களில் விற்கப்படும் கணக்குகள் பெரும்பாலும் அவற்றின் மறுவிற்பனைகளே.

மாஸ்டடான், லெம்மி

2022 இறுதியில் ட்விட்டரிலிருந்தும் 2023 ஜூனில் ரெடிட்டிலிருந்தும் கூட்டமாகக் கிளம்பியவர்கள் வந்துசேர்ந்த மாஸ்டடான், லெம்மி ஆகியவை, பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் சமூக வலையமைப்புகள். அவற்றின் அடிப்படை நெறிமுறையான ஆக்டிவிட்டிபப், யூஸ்நெட்டின் மிகப் பெரிய பிழையைச் செய்யவில்லை. எழுத்து மட்டுமே சர்வர்களுக்குத் தள்ளப்படுகிறது. படமும் காணொளியும் முகவரியாகத்தான் போகின்றன. கோப்புக்குப் பிறப்பிடம் என்று ஒன்று இருப்பதால், பிரதி எடுத்துவைப்பது கட்டாயமில்லை. யூஸ்நெட்டில் ஒரு சர்வரில் காலாவதியான பதிவு அந்தச் சர்வரின் படிப்பாளருக்குப் போனது போனதுதான். மாஸ்டடானில் அழித்த பிரதியைத் தேவைப்படும்போது மூலத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். மூலச் சர்வரே மூடிவிட்டால் மட்டும் படம் போய்விடும். அது சிறிய இழப்பன்று.

கட்டாயமில்லாததை மென்பொருள் தானாகச் செய்வதில்தான் சிக்கல். தன் உறுப்பினர் ஒருவர் பின்தொடரும் வெளிச் சர்வர்க்காரர் எதை ஏற்றினாலும், யாரும் பார்ப்பதற்கு முன்பே அதை இறக்கித் தன் வட்டில் வைத்துக்கொள்வது மாஸ்டடானின் இயல்பு. முகப்படங்களும் இணைப்புகளின் முன்னோட்டப் படங்களும் இதில் சேரும். பழைய பிரதிகளை எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்று நிர்வாகி குறித்துவைக்கலாம். குறிக்காவிட்டால் குவிந்துகொண்டே போகும். பத்துப் பேர் மட்டும் இருக்கும் சர்வரில், அந்தப் பத்துப் பேர் ஏற்றியது ஒரு மூலையிலும் ஊரார் ஏற்றியது வீடு முழுவதும் கிடக்கும். யூஸ்நெட்டின் திருப்புமுனைக் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது: சர்வர் சிறியதாக ஆக, இறக்கியதில் பார்த்ததன் பங்கு குறைகிறது. மாஸ்டடானைப் போன்ற இன்னொரு சர்வர் மென்பொருளான பிளெரோமா வேறு வழியில் போனது. பிரதி வைக்காமல் மூல முகவரியையே காட்டுவதும், விரும்பினால் மூலத்திலிருந்து வாங்கிப் பார்ப்பவருக்குக் கொடுக்கும் ஒரு பதிலிச் சர்வரை இடையில் வைத்துக்கொள்வதும் அதன் முறை. அந்தப் பதிலிக்கு மொத்த அளவில் வரம்பு வைக்க முடியும் என்பதால், சிஎன்எஃப்எஸ் கண்ட விடை இங்கே தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. நாள் கணக்கில் மட்டும் சிந்திக்கும் மாஸ்டடானைவிட இதையே சிறு சர்வருக்கு உகந்ததாகக் கருதுகிறேன்.

வட்டை வாடகைக்கு எடுக்கும் இக்காலத்தில் விலைப்பட்டியலின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அமேசானின் எஸ்3 சேவையில், அமெரிக்க மையங்களின் வழக்கமான விலைப்படி, ஒரு டெராபைட்டை மாதம் முழுவதும் வைத்திருக்க 23 டாலர். அதே டெராபைட்டை ஒரு முறை இணையத்துக்கு வெளியே அனுப்ப 90 டாலர். சேமிப்பைவிட வழங்குவதே நாலு மடங்கு. வெளியே அனுப்பக் கட்டணம் வாங்காத சேவைகளும் உள்ளன. ஆனால் மலிவு விலைச் சேவைகளில் சில, எந்தக் கோப்பையும் குறைந்தது 90 நாள் வைத்திருந்ததாகக் கணக்கிட்டே பணம் கேட்கும். வெளிப் படங்களை ஏழு நாளில் அழித்துச் சிக்கனம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் நிர்வாகி, அழித்தவற்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் வாடகை கட்டுவார். மாஸ்டடானின் பிரதிகளைப் போலக் குறுகிய ஆயுள் கொண்டவற்றுக்கு இத்தகைய இடம் சற்றும் பொருந்தாது. உறுப்பினர்கள் தாமே ஏற்றிய, நிலையாக இருக்க வேண்டிய கோப்புகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். இரண்டையும் ஒரே கிடங்கில் போடுவதுதான் தவறு.

ஒரே படத்தை நூறு சர்வர்கள் தனித்தனியாக வைத்திருப்பதைத் தவிர்க்க, உள்ளடக்கத்தின் கணித முத்திரையைக் கொண்டு ஒரே பிரதியாகச் சேர்த்துவைக்கும் ஜார்டேஜ் என்ற கூட்டுக் கிடங்கு உருவானது. எண்ணம் நேர்த்தியானது, மிச்சமும் உண்மையானது. ஆனால் நூறு சர்வர்களின் படங்கள் ஒரே கதவின் வழியாகப் போவதும் வருவதும் எந்த வகையில் நடுவற்ற ஏற்பாடு என்று கேட்கத் தோன்றுகிறது.

2023 ஆகஸ்டில் லெம்மி சர்வர்களில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையின் படங்கள் திட்டமிட்டு ஏற்றப்பட்டபோது, 2008இன் கதை சிறிய அளவில் திரும்பியது. பிற சர்வர்களின் பதிவுகளுக்கான சிறுபடங்களையும் லெம்மி உள்ளூரில் சேமித்துவந்ததால், அந்தப் பதிவோடு எந்தத் தொடர்பும் இல்லாத சர்வர்களின் வட்டுகளிலும் அவற்றின் பிரதிகள் தங்கின. தம் சொந்தப் பணத்தில் பொழுதுபோக்காகச் சர்வர் நடத்தியவர்கள் இதனால் அச்சமடைந்து படமேற்றும் வசதியையே நிறுத்தினார்கள். 2024இல் வந்த 0.19.4 பதிப்பில், வெளிப் படங்களைச் சேமிக்கவே வேண்டாம் என்றோ, முன்னோட்டங்களை மட்டும் சேமி என்றோ, எல்லாவற்றையும் பதிலி வழியாகக் காட்டு என்றோ நிர்வாகி தேர்ந்துகொள்ளலாம். தன் உறுப்பினர்களின் கோப்புகளுக்கு மட்டும் பொறுப்பேற்று, வெளியிலிருந்து வருவதை முகவரியாகவே விட்டுவிடும் முதல் தேர்வே, ஆயிரம் பேருக்குக் குறைந்த எந்தச் சர்வருக்கும் என் பரிந்துரை. பார்ப்பவரின் ஐபி முகவரி மூலச் சர்வருக்குத் தெரிந்துவிடும் என்ற எதிர்வாதம் வலுவானது. அதை முதன்மையாகக் கருதுபவர் பதிலியை வைத்து, அதன் இடத்துக்கு அளவில் வரம்பு போட்டுக்கொள்ளலாம்.

எஞ்சியவை

2024 பிப்ரவரி 22ஆம் நாள் கூகுள் குரூப்ஸ், யூஸ்நெட்டிலிருந்து புதிய பதிவுகளை எடுப்பதையும் அனுப்புவதையும் நிறுத்தியது. இன்று யூஸ்நெட்டில் ஓடுவதில் பெரும்பகுதி, தாங்கள் ஏற்காத பைனரிக் கோப்புகளும் குப்பைப் பதிவுகளுமே என்று அது காரணம் கூறியது. அதன் விலகலால் எழுத்துக் குழுக்கள் நின்றுவிடவில்லை. பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தின் இன்டிவிஜுவல்.நெட் ஆண்டுக்குப் பத்து யூரோ வாங்கிக்கொண்டு நடக்கிறது. இட்டர்னல் செப்டம்பர் கட்டணமே இல்லாமல் நடக்கிறது. தனியார் சிலர் வாடகைக்கு எடுத்த சிறு மெய்நிகர்க் கணினிகளிலும் நடத்துகிறார்கள், 1980இல் போலவே ஒவ்வொருவரும் முழுப் பிரதி வைத்துக்கொண்டு. இவற்றில் எதுவும் பைனரிக் குழுக்களை எடுப்பதில்லை.